லைப்ரரிச் சாவி உங்கள் கைக்கு வந்தால்

“நாளையிலிருந்து லைப்ரரியையும் நீங்களே பாருங்கள்” என்று பாடசாலை அதிபர் சொல்லும் நாளில் அநேகமாக உங்களுக்கு அதில் விருப்பம் இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. நான் புவியியல் டீச்சர். பழைய நூலகர் ஓய்வு பெற்றுப் போனதும், யாருடைய நேரசூசியில் பாடவேளை குறைவு என்று தேடியிருக்கிறார்கள். என் பெயர் அகப்பட்டுவிட்டது. கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலை, கலவன். கந்தோரில் வைத்து, தும்புக் கயிற்றில் கோத்த ஏழு சாவிகளைத் தந்தார்கள். ஒன்று கதவுக்கு. மற்ற ஆறும் அலுமாரிகளுக்கு. அது நடந்து 11 வருடம்.

ஒவ்வொரு வருடமும் கொழும்பில் எங்காவது ஒரு டீச்சரிடம் இப்படி ஒரு சாவிக்கொத்து போய்ச் சேரும். அவருக்காக இதை எழுதுகிறேன். முறையாகப் படித்துவிட்டு வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை.

முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள், எதையும் அடுக்காதீர்கள். கதவருகே ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் கொப்பி இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமை இடைவேளையில் வந்தவர்கள் ஒன்பது பேர். நான்கு பேர் மின்விசிறிக்காக, மூன்று பேர் கடந்தகால வினாத்தாளுக்காக, ஒருவன் வகுப்பில் யாரோ அடிக்கத் தேடுவதால் ஒளிந்துகொள்ள. மீதி ஒரு பிள்ளைக்குத்தான் புத்தகம் வேண்டியிருந்தது. அவள் கேட்டது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. எந்தச் சாவி என்று நான் தேடி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அதனால் இரண்டாவது வாரத்து வேலை அலுமாரியைத் திறப்பது.

எங்கள் நல்ல புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி போட்ட அலுமாரிகளுக்குள் இருந்தன. வெளியே இறாக்கைகளில் கிடந்தவை பாடத்திட்டம் மாறிப்போன பழைய பாடநூல்களும் யாரும் புரட்டாத அறிக்கைகளும். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: வருட முடிவில் கணக்கெடுக்க வருவார்கள், குறைந்தால் பொறுப்பானவர் பதில் சொல்லவேண்டும். பூட்டி வைத்தால் குறையாது. எனக்கு முன்பிருந்தவரின் கணக்கு ஒருதரமும் பிழைத்ததில்லை, அதை மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் சிறுவர் கதைகள் இருந்த அலுமாரியில் நான் எடுத்துப் பார்த்த முதல் புத்தகத்தின் இரவல் திகதித் தாளில் கடைசி முத்திரை எட்டு வருடம் பழையது. சீர்காழியில் பிறந்து உலகத்துக்கே நூலகம் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை எழுதி வைத்தார். முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. மற்ற நான்கும் எனக்கு அவ்வப்போது மறந்துபோகும், இது மறப்பதில்லை.

பயத்தைத் தீர்க்கத் துணிச்சல் வேண்டாம், கடதாசி போதும். பூட்டைத் திறக்கும் முன் இன்னொரு ஆசிரியரைக் கூட்டி வைத்துப் பதிவேட்டுடன் சரிபார்த்து, இருவரும் கையொப்பமிடுங்கள். நீங்கள் வருமுன்பே காணாமல் போனவை உங்கள் தலையில் விழாது. அதன்பிறகு மாதம் ஒருதரம், இந்த மாதம் திரும்பி வராதவை இவை என்று ஒரு தாளில் எழுதி அதிபரின் கையொப்பத்தை வாங்கிக் கோப்பில் போடுங்கள். வருட முடிவில் திடீரென்று 30 புத்தகம் இல்லை என்றால் அது குற்றமாகிவிடும். மாதம் இரண்டு மூன்று என்று பன்னிரண்டு தாளில் இருந்தால் அது வெறும் தகவல். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் லைப்ரரிக்காரர் அல்ல, எங்கள் விளையாட்டு ஆசிரியர். பந்து தொலைவதற்கு அவர் அப்படித்தான் செய்வாராம்.

திறந்த பிறகு வேண்டாத புத்தகங்களைக் கழிக்கவேண்டும். இது வாங்குவதைவிடக் கஷ்டம். சோவியத் யூனியன் இருக்கும் உலகப்படம், விண்டோஸ் 98 பழக்கும் கைந்நூல், இல்லாமல் போன தொழில்களுக்கு வழிகாட்டும் நூல் எல்லாம் இறாக்கையில் இருந்தால் பிள்ளை நம்பி எடுத்து எழுதிவிடும். கிழிந்த புத்தகம் தான் கிழிந்திருப்பதைத் தானே காட்டிக்கொள்ளும். காலாவதியான புத்தகம் அப்படிக் காட்டாது, அதனால் முதலில் அதைப் பிடியுங்கள். தனிப் பட்டியல் போட்டு, பாட ஆசிரியர் ஒருவரின் கருத்தோடு அதிபரிடம் கொடுத்து, அனுமதி வந்த பிறகே வெளியேற்றுங்கள். என் பாடத்தின் உலகப்படங்களைக் கழிக்க எனக்கே ஒரு தவணை எடுத்தது.

ஆனால் இலங்கையில் அச்சான தமிழ்ப் புத்தகம் என்றால் கை சற்று நிற்கட்டும். நம் எழுத்தாளர்களின் புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். உங்களிடம் இருப்பது மிஞ்சிய பத்தில் ஒன்றாக இருக்கலாம். ‘நூலகம்’ என்ற பெயரில் 2005இலிருந்து இயங்கும் இணைய நூலகத்தில் அது ஏற்கனவே ஏறியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர்களோடு பேசுங்கள். பழைய பாடசாலை ஆண்டு மலர்களையும் எறியாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இரவில் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தகத்தை எறியச் சொன்னால் எங்களில் பலருக்குக் கை கூசும். கூசத்தான் வேண்டும். அதற்காக விண்டோஸ் 98ஐக் காப்பாற்ற வேண்டியதில்லை.

அடுக்குவதற்கு, புத்தகத்தின் பொருளுக்கு ஓர் எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். 1876இல் ஒரு அமெரிக்கர் போட்ட கணக்கு. அதன் கோணல்களும் தெரிந்திருக்கட்டும். 200 சமயம் என்று எடுத்தால் பெரும் பகுதியைக் கிறிஸ்தவம் பிடித்துக்கொண்டு, இந்து சமயம் 294.5இலும் இஸ்லாம் 297இலும் ஒதுங்கியிருக்கும். எங்கள் வகுப்புகளில் சைவநெறி படிக்கும் பிள்ளையும் கத்தோலிக்கம் படிக்கும் பிள்ளையும் இஸ்லாம் படிக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள், இறாக்கையிலும் மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்தேன். எண்ணை மாற்றவில்லை, இடத்தை மட்டும். தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் வந்து குவியும். நாவல், கவிதை, சிறுவர் கதை எல்லாம் ஒரே குவியல் போலத் தெரியும். அதற்கு முதுகில் நிறநாடா ஒட்டுங்கள். தரம் 6 பிள்ளை தசமத்தைப் பார்த்துத் தேடாது. “மிஸ், அந்தப் பச்சை” என்றுதான் கேட்கும்.

இன்னொன்று, எந்தக் கைந்நூலிலும் நான் காணாதது. எழுத்தாளர் பெயர்ப்படி அகரவரிசையில் அடுக்கினால், பிள்ளைகளுக்கு அகரவரிசை தெரியுமா என்று பாருங்கள். க, ங, ச, ஞ வரை கடகடவென்று வரும். அதற்குப் பிறகு தடுமாற்றம். ‘ன’ கடைசியில் வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, ‘ந’வுக்குப் பக்கத்தில் தேடுவார்கள். ‘ஜானகி’ எங்கே என்றால் ‘ச’வுக்குப் பக்கத்தில் தேடுவார்கள், அவர் ‘ன’வையும் தாண்டி நிற்கிறார். பதினெட்டு மெய்யையும் அவற்றுக்குப் பின் ஜ, ஷ, ஸ, ஹ என்பவற்றையும் பெரிதாக எழுதி இறாக்கையின் பக்கவாட்டில் ஒட்டினேன். அகராதி பார்க்கப் பழக்க இதைவிட லேசான வழி இல்லை. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை வைத்தே அடுக்குங்கள். பிள்ளைக்குப் பெயர்தான் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் கடந்தகால வினாத்தாள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று வினாத்தாளுக்காக மட்டும் வரும் பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நூலகர்கள் உண்டு. நானும் சலித்திருக்கிறேன். பிறகு புத்தி வந்து, வினாத்தாள் கட்டுகளை அறையின் கடைசி மூலைக்கு மாற்றினேன். அங்கே போக ஒரே வழி. இரண்டு பக்கமும் கதை, பயணம், விளையாட்டு, சமையல். புத்தகங்களின் முதுகு இல்லாமல் முகப்பு தெரியும்படி ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மூன்றைத் திருப்பி வைத்தேன். போகும்போது ஒருவரும் நிற்பதில்லை. திரும்பி வரும்போது நிற்பார்கள்.

இனி இந்த வேலையின் நடுப்பகுதி. பிள்ளை ஒன்று வந்து ஏதோ கேட்கும். அது கேட்பது அநேகமாக அதற்கு வேண்டியது அல்ல. வேண்டியதைக் கண்டுபிடிக்கத்தான் அங்கே ஓர் ஆள் தேவை. இல்லாவிட்டால் அலுமாரியே போதும்.

தரம் 8 பையன் ஒருவன். பெயர் வேண்டாம்.

“மிஸ், டெங்கு பத்தி புக் இருக்கா?”

கொழும்பில் படிக்கும் பிள்ளை டெங்கு பற்றி ஒப்படை எழுதாமல் பாடசாலையை விட்டுப் போக முடியாது. நான் எழும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்துத் தரவில்லை. “எப்ப குடுக்கணும்?” என்றேன். நாளைக்கு. “எத்தனை பக்கம்?” ஐந்து. “இப்ப எத்தனை இருக்கு?” கையில் ஐந்து பக்கமும் இருந்தது. போனில் உள்ள ஏஐயிடம் கேட்டு, அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான். கையெழுத்து முத்து முத்தாக. மூன்றாம் பக்கத்தில் “மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்” என்று இருந்தது. “கொழும்பில் மாவட்ட ஆட்சியர் யார், மகன்?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த பந்தியில் சென்னை மாநகராட்சி வந்தது.

சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்த முறை வரமாட்டான். “ஐஞ்சு பக்கம்தான் இருக்கே, பிறகென்ன புக்?” என்றேன். கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றான். பிறகுதான் வந்தது. வீட்டில் அம்மம்மா பின்பக்கத்து வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார். வாரத்துக்கு ஒருமுறை அவன் கொட்டுவான். கொட்டினால் போதும் என்கிறார் அம்மம்மா, தேய்த்துக் கழுவவேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சொல்லிவிட்டுப் போனாராம். யார் சொல்வது சரி?

இதுதான் கேள்வி. ஐந்து பக்கத்தில் எங்கேயும் அதற்குப் பதில் இல்லை.

நாங்கள் போன வழியை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எந்தத் தலைப்புக்கும் இதே வழிதான். முதலில் அவனுடைய சொந்தப் பாடநூல். எல்லாப் பிள்ளைகளிடமும் இலவசமாக இருப்பது அது, அதன் பொருளடக்கத்தைக்கூடப் பார்க்காமல் லைப்ரரிக்கு வருவார்கள். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைத் தேடச் சொன்னேன்: முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி. இரண்டாவது, உசாத்துணைப் பகுதியில் கலைக்களஞ்சியம். மூன்றாவது, பத்திரிகைத் துணுக்குப் பெட்டி. ‘வீரகேசரி’, ‘தினகரன்’ இரண்டிலிருந்தும் பிள்ளைகள் வெட்டி ஒட்டும் பெட்டி அது; டெங்கு என்றே ஒரு கடித உறை உண்டு, தடித்துப் போயிருக்கிறது. நான்காவதாகத்தான் இணையம். அதற்குள் எந்தச் சொல்லைத் தேடவேண்டும் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. ‘டெங்கு’ என்று தேடவில்லை, ‘ஈடிஸ் முட்டை’ என்று தேடினான்.

பதில் கிடைத்தது. ஈடிஸ் நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி நனைந்ததும் பொரிக்கும். கொட்டினால் போதாது, தேய்க்கவேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை என்ற அம்மம்மாவின் கணக்கு பிழையில்லை, முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். “அப்ப ரெண்டு பேரும் பாதி சரி” என்றான். ஒவ்வொன்றையும் எங்கே கண்டான், எத்தனையாம் பக்கம் என்று ஓரத்தில் எழுத வைத்தேன். உசாத்துணை எழுதுவது என்று பெரிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை, “எங்க பாத்தாய்?” என்ற ஒரு கேள்வி போதும். அன்றிரவு ஐந்து பக்கத்தையும் எறிந்துவிட்டு இரண்டரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான், வாளியின் படத்தோடு. முகப்பட்டையில் அலங்காரம் இல்லை என்று அதற்குப் புள்ளி வெட்டப்பட்டது. யார் வெட்டினார் என்று இங்கே எழுத மாட்டேன், தினமும் ஒரே ஸ்டாஃப் ரூமில் தேநீர் குடிக்கிறோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒன்றைப் பழக்கமாக்கினேன். தவணை தொடங்கும்போதே பாட ஆசிரியர்களிடம் போய், இந்தத் தவணை என்ன ஒப்படை தரப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். தலைப்பு முன்கூட்டியே தெரிந்தால் புத்தகங்களை ஒரு தட்டில் எடுத்து வைக்கலாம். அதைவிட, “டெங்கு பற்றி எழுதுக” என்பதை “உங்கள் வீட்டைச் சுற்றி ஈடிஸ் பெருகக்கூடிய இடங்கள் எவை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்” என்று மாற்றச் சொல்லி மெதுவாகக் கேட்கலாம். அப்படிப்பட்ட கேள்வியை எதிலிருந்தும் பார்த்து எழுத முடியாது. எல்லா ஆசிரியரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேர் கேட்டாலும் லாபம்.

கேட்காமலே போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பருவமடைதல், உடல் மாற்றம், மனச்சோர்வு, அப்பா குடிப்பது பற்றியெல்லாம் கரும்பீடத்தில் வந்து “மிஸ், புக் இருக்கா” என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மாதிரிப் புத்தகங்களை உங்கள் மேசைக்கு எதிரே வைக்காதீர்கள், உங்கள் கண்ணுக்கு நேராகப் படாத ஒரு பக்கத்தில் வையுங்கள். அங்கே நின்றபடியே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகட்டும். இரவல் எடுக்காத புத்தகம் வாசிக்கப்படாத புத்தகம் என்று நினைக்காதீர்கள். எங்கள் உடல் நலப் புத்தகம் ஒன்றின் திகதித் தாளில் இரண்டே முத்திரை, ஆனால் பக்கங்கள் எல்லாம் விரல் அழுக்கு. ஏதாவது ஒரு பிள்ளை அடிக்கடி அந்தப் பக்கமே நின்றால், வகுப்பாசிரியரிடம் ஓடாதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், லேபல் ஒட்டுவது மாதிரி. பேச்சு தானாக வரும். ஆபத்தான விஷயம் என்று தெரிந்தால் மட்டும் ஆலோசனை ஆசிரியரிடம் போகவேண்டும், அதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு.

லைப்ரரிப் பாடவேளை பற்றி. நாற்பது நிமிடம், நாற்பது பிள்ளைகள். “சத்தம் போடாமல் ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்துச் சுருக்கம் எழுதுங்கள்” என்பதுதான் வழக்கம். சுருக்கம் எழுதச் சொன்னால் பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதுவார்கள். நான் நிறுத்திவிட்டேன். முதல் பத்து நிமிடம் நானே உரத்து வாசிப்பேன், சூடு பிடிக்கும் இடத்தில் மூடிவிடுவேன். புத்தகம் மேசையில் இருக்கும். அதை எடுக்க மூன்று பேராவது சண்டை பிடிப்பார்கள்.

உரத்து வாசிப்பதில் இன்னொரு பயன், தரம் 6க்கு வந்தும் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வெட்கப்படாமல் கதைக்குள் வருவார்கள். அவர்கள் தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துப் பக்கம் புரட்டுவார்கள், மற்றவர்கள் பார்க்கவேண்டுமே. அவர்களுக்கு விரல் கணக்கு சொல்லிக் கொடுங்கள்: ஒரு பக்கம் வாசி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்கு உன் புத்தகம் இல்லை. வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள், குறிப்பிட்ட பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

தெரியாத சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சிறுவர் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்தியாவில் அச்சானவை. “அவன் தன் நோட்டில் படம் வரைந்தான்” என்று வாசித்தபோது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, “மிஸ், காசுல கீறினா பொலிஸ் பிடிக்காதா?” என்றது. நோட்டு என்றால் நமக்குக் காசு, அவர்களுக்குக் கொப்பி. அவர்களின் ரப்பர் நமக்கு அழிறப்பர், ஜன்னல் யன்னல், பள்ளிக்கூடம் பாடசாலை. இப்படி வரும் சொற்களை ஒரு மட்டையில் பிள்ளைகளே எழுதித் தொங்கவிடுகிறார்கள். இப்போது அது கதவளவு நீளம்.

எப்போது திறப்பது? எங்கள் பாடசாலை 1.30க்கு விடும். வேனில் போகும் பிள்ளைகள் 1.40க்குள் மறைந்துவிடுவார்கள், அவர்களுக்கு இடைவேளைதான் லைப்ரரி. நடந்து போகும் பிள்ளைகள் வேறு மாதிரி. தொடர்மாடியில் ஒரு அறை வீடு, தொலைக்காட்சி, தம்பி தங்கை, தையல் மெஷின். உயர்தரத்துக்குப் படிக்க அவர்களுக்கு மேசை கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணி வரை திறக்க அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பெற்றாரின் சம்மதக் கடிதமும், பொறுப்பாக இன்னொரு ஆசிரியரும் வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் கற்பிக்கத் தேவையில்லை. மேசை, வெளிச்சம், தண்ணீர். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப் போனபோது, பழைய பரீட்சைத் தாள்களின் வெற்றுப் பக்கத்தைத் தைத்துக் குறிப்பேடு செய்து அந்த மேசைகளில் வைத்தோம். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்கள். அந்த வருடம் இரவல் எண்ணிக்கையையும் ஆளுக்கு ஒன்றிலிருந்து நான்காக்கினேன். பாடசாலை எந்த நாள் திறக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

உங்கள் அறையில் இல்லாததற்கு வெளியே வழி காட்டுங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் 1925இல் தொடங்கிய கொழும்புப் பொது நூலகம், சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம், வெள்ளவத்தையில் 1942இலிருந்து இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். உயர்தரப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப் போவேன். உள்ளே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாத கூச்சம் ஒரே பயணத்தில் போய்விடும்.

புத்தகம் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி, மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள், செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகள். போகும்போது இரண்டு மாணவர்களைக் கூட்டிப் போங்கள், அவர்கள் தெரிவு செய்வது உங்களுக்குப் பிடிக்காது, ஆனால் இறாக்கையில் தங்காது. அன்பளிப்பை வாங்கும்போதே “பொருந்தாததை வேறு இடத்துக்குக் கொடுப்போம்” என்று சொல்லிவிடுங்கள். வீடு மாறுபவர்களின் பெட்டிகளில் பாதி, எறிய மனமில்லாமல் நம்மிடம் வருபவை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது பதாகைக்குச் செலவழிக்கும் காசைப் புத்தகத்துக்குக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒருமுறை கிடைத்தது.

கடற்காற்றும் ஈரமும் கொழும்புப் புத்தகங்களின் எதிரி. இறாக்கையைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை போடச் சொல்வார்கள். நானும் போட்டேன், யன்னலைத் திறந்து வைத்த அளவுக்குப் பலன் தரவில்லை. கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கொண்டு போகும். மெல்லிய தாளும் வெள்ளைப் பசையும் போதும்.

தண்டப்பணம் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். தரம் 7இல் ஒரு பிள்ளை, நன்றாக வாசிப்பவள், திடீரென்று வருவதே இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: மழையில் ஒரு புத்தகம் நனைந்து போய்விட்டது, 50 ரூபாய் தண்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் கேட்கப் பயம். அந்தப் பக்கமாக நடப்பதையே விட்டிருக்கிறாள், கழிவறைக்கு மற்றப் படியால் சுற்றிப் போயிருக்கிறாள். இப்போது தொலைத்தவர்களுக்கு ஒரு மணிநேரம் புத்தகம் தட்டும் வேலை. சிலர் வேலைக்காகவே தொலைத்ததாகச் சொல்கிறார்கள், அது வேறு பிரச்சினை.

முறையாகப் படிக்க விரும்பினால் 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கத்தின் பாடநெறிகள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனமும் ஆசிரிய நூலகர்களுக்கென்றே படிப்பு வைத்திருக்கிறது. ஆனால் பாடநெறி முடியட்டும் என்று கதவைப் பூட்டி வைக்காதீர்கள்.

கதவு என்றதும், அந்த ஏழு சாவிகள். அலுமாரிச் சாவி ஆறையும் ஒரு உறையில் போட்டு அதிபரின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கதவுச் சாவி என்னிடமே இருந்தது, நான் காய்ச்சலில் விழும்வரை. ஐந்து நாள் வரவில்லை, ஐந்து நாளும் லைப்ரரி பூட்டு. ஆறாவது நாள் போனபோது கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிய புத்தகங்கள் பதினொன்று நிலத்தில் கிடந்தன, ஒன்றில் “மிஸ், ரெண்டாம் பாகம் வேணும்” என்று துண்டு. அன்றே ஆமர் வீதிச் சந்தியில் சாவி வெட்டுபவரிடம் போய் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று காவலாளி அண்ணையிடம், மற்றது மாணவ நூலகர் குழுத் தலைவியிடம். இதை முதல் வாரத்திலேயே செய்யுங்கள், பதிவேட்டில் இருவரிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு.